சிலேட்டோடு போன வரி

நேற்றுப் பெய்த மழையில் சமையலறைக் கூரை ஒழுகி, தண்ணீர்ப் பானைக்கு மூடியாகக் கிடந்த என் பழைய சிலேட் நனைந்துவிட்டது. மரச்சட்டம் எப்போதோ கழன்றுபோன சிலேட். மனைவி துடைப்பதற்காக அதை எடுத்தபோது ஈரக் கல்லின் வாசனை ஒன்று வந்தது பாருங்கள், கையிலிருந்த பிள்ளைகளின் கட்டுரைத் தாள்களை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எனக்கு அது பதினெட்டு வயதின் வாசனை. கண்டியில் வாத்தியார் வேலைக்குப் படித்த காலம். மலையெல்லாம் கோப்பியாக, அதாவது காப்பிச் செடியாக, இருந்த காலம்.

இப்போது என்னிடம் படிக்கிறவர்கள் கட்டுரை என்றால் நேரே தாளில் மையால் தொடங்கிவிடுகிறார்கள். எங்களுக்கோ ஒரு கட்டுரைக்கு ஐந்து நாள். முதல் நாள் எழுதவே கூடாது, நினைக்க வேண்டும். நினைப்பதற்கென்றே எங்களை வாவிக்கரையில் நடக்க விடுவார்கள். நான் நினைத்தது பெரும்பாலும் பகல் சாப்பாட்டைத்தான். இரண்டாம் நாள் சிலேட்டின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதுவோம். மூன்றாம் நாள் சிலேட்டை மாற்றிக்கொள்வோம். என் எழுத்தை என் கூட்டாளி எனக்கே உரக்க வாசித்துக் காட்டுவான். அவன் எங்கே தடுக்குகிறானோ அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். நாலாம் நாள் அழித்துத் திருத்துவது. காகிதம் கைக்கு வருவது ஐந்தாம் நாள்தான். ஆளுக்கு ஒரே தாள், மை கொட்டினால் அந்தத் தவணைக்குக் கட்டுரை இல்லை.

என் கூட்டாளி காசிம், கண்டிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். வாய் ஓயாது. என் கட்டுரை ஒன்றில் ஒன்பது 'ஆகையால்' இருந்ததை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எண்ணி வாசித்த புண்ணியவான் அவன்தான். "ஒன்ட ஆகையாலுக்கு மட்டும் தனியா ஒரு சிலேட் வேணும்டா" என்பான். அவன் மட்டும் என்னவாம்? முடிவை முதலில் எழுதிவிட்டு அதை நோக்கி ஓடுகிற ஆள். ஓடுகிற வழியில் பாதி விஷயம் விழுந்துவிடும்.

கடைசி வருடம் கொடுத்த தலைப்பு 'கோப்பிச் செடி'. முதல் பரிசு பெற்ற கட்டுரையை எழுதியவனே பரிசளிப்பு நாளில் தோட்டத் துரைமார் முன்னால் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவனுக்கு மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதிதாகத் திறக்கிற பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அந்தத் தோட்டத்தில்தான் என் அப்பா கோப்பிக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் முன்னால் நான் கதிரையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கு முந்தின விடுமுறையில் வத்தேகம வழியாக நடந்தே அப்பாவிடம் போயிருந்தேன். போன அன்றே என்னைச் செடிக்கு அழைத்துப் போய் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சள் பொடி பூத்திருந்தது. தடவினால் விரலில் ஒட்டியது.

"பாத்தியா? மேமலையில ஆரம்பிச்சு இங்க வந்துருச்சு. எல கொட்டுது, காய் நிக்க மாட்டேங்குது. தொரகிட்ட சொன்னேன். மழ பேஞ்சா போயிரும்ங்கிறாரு. போகாதுடா."

அதைச் சிலேட்டில் எழுதினேன்: 'இலையின் அடியில் ஒரு மஞ்சள் பொடி வருகிறது. அது வந்த செடியில் காய் நிற்பதில்லை என்று என் தந்தை சொல்கிறார்.' மூன்றாம் நாள் கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்த காசிம் அந்த வரியில் நின்றான். வாய் தடுக்கி நிற்கவில்லை.

"டேய், இத தொரமாருக்கு முன்னுக்கு வாசிக்கப் போறியா? ஒனக்கு மூள ஈக்கா?"

"உண்மதானே காசிம்."

"உண்மதான். நான் இல்லண்டு சொல்லல்ல. வேல வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

நாலாம் நாள் முழுக்க அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார்மார் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அந்தச் சிலேட்டைப் பார்க்கவே இல்லை. நானேதான் ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்ததும் அதே இடத்தில் இப்படி எழுதினேன்: 'பிணி என்பதையே அறியாத செடி இது.' வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எவ்வளவு அழகான வரி என்று அன்றைக்குப் பூரித்துப்போனேன்.

முதல் பரிசு எனக்குத்தான். அப்பா மடுல்கெல்லவிலிருந்து நடந்தே வந்து, உள்ளே வராமல் மண்டப வாசலில் நின்றார். நான் வாசித்தேன். அந்த வரி வந்தபோது துரைமார் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டியதால் அப்பாவும் தட்டினார்.

வழியனுப்ப அவரோடு நடந்தேன். மஹய்யாவ வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். பிறகு, "நல்லா வாசிச்சடா, வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நான் காட்டுன எல மறந்துபோச்சாப்பா?" என்று கேட்டார். கோபமே இல்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்று உண்மையாகவே நம்பிக் கேட்டார்.

"ஆமாப்பா, மறந்துட்டேன்" என்றேன்.

வேலை கிடைத்தது, கதிரையும் கிடைத்தது. ஆனால் சில வருடங்களுக்குள் மலை முழுக்க மஞ்சளாகி, இலை கொட்டி, மொட்டைக் குச்சியாக நின்றது. செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். வேலையில்லாத சனம் கூட்டம் கூட்டமாக மன்னார்ப் பாதையில் இந்தியாவுக்குத் திரும்பியது. பிள்ளைகள் போனதும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் போனார். மறக்கவில்லை அப்பா, அழித்தேன் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். போகிற அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது அந்த மலையில் தேயிலை. எங்கே கோப்பி நின்றது என்று கேட்டால் காட்டக்கூட ஆளில்லை. பரிசு வாங்கிய தாள் மட்டும் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, மை கொஞ்சமும் மங்காமல்: 'பிணி என்பதையே அறியாத செடி இது.'

அப்பா சொன்னது எழுத்தில் இருந்த ஒரே இடம் இந்தச் சிலேட்தான். மனைவியிடமிருந்து அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குச்சியை அழுத்தி எழுதுகிறவன் நான், ஒரு கீறலாவது இருக்காதா என்று தேடினேன். "அதுல என்னங்க பாக்குறீங்க?" என்று கேட்டு, மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி நன்றாகத் துடைத்துப் பானை மேல் வைத்தாள்.