சில்வண்டுக்கு வடை பிடிக்கும்

ஆரம்ப வகுப்பு ரீச்சர்மாருக்குப் பூச்சி படிப்பிக்கிற வேலையிலை பூச்சியைச் சமாளிக்கலாம். கூடப் படிப்பிக்கிற ஆளைச் சமாளிக்க ஏலாது. கடைசியிலை நீங்கள் சிரிப்பியள், அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் முதலிலை என்ரை வயிறு எரிஞ்ச கதையைக் கேளுங்கோ. உங்களுக்கும் எங்கையாவது எரிஞ்சிருக்கும்.

உயர்தரச் சோதினை எழுதின கையோடை நானும் துளசியும் கொக்குவிலிலை இந்த வேலைக்குச் சேர்ந்தம். அடுத்த தவணை ஒராளுக்குத்தான் வகுப்பு. ஆருக்கெண்டு ரீச்சர்மார்தான் சொல்லுவினம்.

எறும்பு

எறும்பு பாதை போடுற விதத்தை ரேடியோச் செய்திக்காரர், கோயில் ஒலிபெருக்கிக்காரர் எண்டு குரல் மாத்தி மாத்தி விளக்கினன். கொட்டாவிதான் வந்தது. துளசி ஒண்டும் விளக்கேல்லை. சுவரிலை போன எறும்பு வரிசைக்குக் குறுக்கை விரலாலை ஒரு தேய்ப்பு. இனி என்ன செய்யும் எண்டு கேட்டாள். சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அத்தனை பேரும் சுவரோடை ஒட்டிவிட்டினம். நானும் முன்னுக்குப் போனன். படிக்க வந்தவையிலை மூத்தவ பராசக்தி ரீச்சர். அவ சொன்னா: “தம்பி, கொஞ்சம் விலத்தி நில்லும். எறும்பை மறைக்கிறீர்.”

விடை

குழியானைப் பூச்சி மண்ணிலை குழி தோண்டுறதைப் பாத்து எழுதச் சொன்னம். ரீச்சர்மார் பேனையைத் திறந்துகொண்டு எங்கடை முகத்தைப் பாத்தினம். சரியான விடையை முதல் சொன்னால் பிறகு பாக்கிறம் எண்டு பராசக்தி ரீச்சர் கேட்டா. நான் வாயெடுக்க முந்தி, தனக்கும் தெரியாது, பாப்பம் எண்டு துளசி மண்ணிலை குந்திவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பொய் சொல்லுறாள் எண்டு நான் ரீச்சரிட்டைக் கோள் சொன்னன். ரீச்சர் குழியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: “தெரியாதெண்டு சொல்லவும் ஒரு படிப்பு வேணும், தம்பி.”

சில்வண்டு

கடைசி நாள் உரும்பிராய்த் தோட்டத்திலை வகுப்பு. தலையிடி எண்டு சொல்லிப்போட்டு வேலிக்குப் பின்னாலை குந்தியிருந்து சில்வண்டு மாதிரிக் கத்தினன். துளசி தேடுவாள், ஒண்டும் அம்பிடாது, ரீச்சர்மார் சிரிப்பினம், வகுப்பு எனக்கு.

அவையள் தேடேல்லை. என்ன செய்தால் சத்தம் நிக்கும் எண்டு துளசி கேட்டாள். கை தட்டிப் பாத்தினம், நான் நிப்பாட்டினன். தேத்தண்ணி நேரம் ஆரோ வடைத் தட்டை வேலியோரம் விட்டிட்டுப் போச்சினம். வேலிக்குள்ளாலை கையை விட்டு எடுத்தன். வடை முடிய, திரும்பக் கத்தினன். இன்னொரு தட்டு வந்தது. பாவங்கள், மறதிக்காரர் எண்டு நினைச்சு அதையும் எடுத்தன். அடுத்த தட்டும் வந்தது. வேலிக்கு அங்காலை பராசக்தி ரீச்சரின்ரை குரல்: “திருப்பித் திருப்பிச் செய்தாச்சு, துளசி. வடை வைச்சால் நிக்குது, முடிஞ்சால் கத்துது. அடுத்த தவணையும் நீரே வாரும். உந்தப் பூச்சியையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

வாய் நிறைய வடையோடைதான் எனக்கு விளங்கினது, இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னைக் கவனிக்கேல்லை எண்டு எரிஞ்ச என்னிலை, அண்டைக்கு ஒரு வகுப்பே கவனம் வைச்சிருக்கு.