அடைகாத்த தவளை

செட்டிகுளம் மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் கரிசல் காட்டில் போன ஆவணியில் நல்ல மழை. மண் பதமாக இருக்கும்போதே மக்காச்சோளத்துக்கு உழுதுவிட வேண்டும். டிராக்டர் கிழக்குப் பக்கம் ஆரம்பித்திருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மேற்கு வரப்போரம் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் புல்லுக்குள் அதைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை, அசையவே இல்லை.

“தவளைங்க,” என்றேன்.

“கௌதாரி, புள்ள,” என்றார்.

எனக்கு வாதம் என்றால் சோறு வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் பெரிய தவளை மழைக்கு மேலே வந்து இப்படித்தான் உட்காரும், கௌதாரிப் பறவை என்றால் ஆளைக் கண்டதுமே ஓடியிருக்கும் என்று அடித்துச் சொன்னேன். தவளைக்குத் தொண்டை துடிக்குமே என்றார். நான் குரலை உயர்த்தினேன்.

“சரி, கை தட்டு. தவளைன்னா தாவும், கௌதாரின்னா ஓடும்.”

தட்டினேன். தாவவும் இல்லை, ஓடவும் இல்லை. குனிந்து பார்த்தேன். கழுத்தெல்லாம் மெல்லிய கோடு போட்ட இறகு. வயிற்றுக்கடியில் வெளுப்பாக ஒரு முட்டையின் ஓரம். டிராக்டர் திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எப்படி ஓடினேனோ தெரியாது. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. முந்தானையைத் தலைக்கு மேல் சுழற்றி, “நிறுத்துங்கண்ணே” என்று கத்தினேன். டிரைவர் பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் சிரித்தபடி அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி உழுதார். நாங்கள் அங்கே ஒரு முள்கிளையை ஊன்றி வைத்தோம்.

காடெல்லாம் மக்காச்சோளம் முளைத்தது, அந்த மூலையில் மட்டும் புல். போகிறவர்கள் காரணம் கேட்டால் இவர், “எங்க வூட்டுக்காரி தவள அங்க அடகாக்குதுங்க” என்பார். எரிச்சலாக வரும். ஆனாலும் கீரி வந்துவிடுமோ என்ற பயத்தில் தினமும் விடிந்ததும் போய்த் தூரத்தில் நின்று பார்ப்பேன்.

ஒரு நாள் கூட்டில் வெறும் ஓடுகள்தான் கிடந்தன. கீரி தின்றுவிட்டது என்றே நினைத்தேன். அப்போது சோளத்துக்குள் சலசலப்பு. தாய் முன்னால் போக, பின்னால் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். தவளைக் குஞ்சு என்றால் இந்நேரம் வாலோடு தண்ணீரில் கிடக்கும். இதுகள் பிறந்த சூட்டோடு ஓடுகின்றன.

போனை எடுத்தேன். அவர் பெரம்பலூரில் உரக்கடையில் இருந்தார்.

“ஏங்க, என் தவள குஞ்சு பொரிச்சிடுச்சுங்க.”

“தாவுதா, ஓடுதா?”

“ஓடுதுங்க,” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தோற்றுவிட்டுச் சிரித்தது அன்றுதான்.