சுவரைப் பார்த்து நின்ற வேட்பாளர்

வேலையை விட்ட வாத்தியார் ஓட்டுக் கேட்டு வந்தால், அவர் ஓட்டுக்காகத்தான் வந்திருக்கிறார் என்பதை மட்டும் எவரும் நம்புவதில்லை. பள்ளிக் கமிட்டி என்னும் முள்வேலிக்குள் ஒருமுறையேனும் கால் வைத்த அன்பர்களே, என் துயரம் உங்களுக்குப் புரியும்.

எட்டாம் வகுப்போடு நின்று, மீதியைப் புத்தகங்களிலிருந்து நானே கற்று, குன்றாண்டார்கோவில் பக்கத்துச் சிற்றூரொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இறுதியில் அப்பள்ளியின் கமிட்டிக்கு இரண்டாம் முறையாக நின்றேன். எதிர்த்து நின்றவர் என் பழைய மாணவர், ரைஸ்மில் சின்னையா. அவர் வென்றால் பள்ளிக்கூடம் காட்டாற்றுக்கு அக்கரையில், அவருடைய மில்லுக்கு அருகே போய்விடும். பாலமில்லாத ஆறு. மழைக்காலத்தில் எங்கள் கரைப் பிள்ளைகள் படிப்பை மறக்க வேண்டியதுதான்.

கொல்லைப்புற வழி

முதலில் சென்றது பழைய மாணவன் கருப்பையாவின் வீட்டுக்கு. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அவன் மனைவி நிலைப்படியை மறித்து நின்று, "அவுக ஊர்ல இல்லைங்க" என்றாள். அக்கணமே கொல்லை வேலியைத் தாண்டி ஒரு வேட்டி பறந்தது.

எதிரணியார் முந்திக்கொண்டு அவனை மடக்கிவிட்டனர் என்றே ஐயுற்றேன். "மில்லுக்காரர் வந்து போனாரா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதெல்லாம் இல்லைங்க சார். பள்ளிக்கொடத்துக்கு மட்டம் போட்டா நீங்க வீடு தேடி வருவீங்களாம்ல? ஒங்க தலையக் கண்டா அவுக கால் தானா ஓடுது!"

நோட்டுப் புத்தகம்

சொன்ன சொல்லை மாற்றுவார்களோ என்ற ஐயத்தால், ஆதரவு தெரிவிப்போரின் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருந்தேன். கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த இன்னொரு பழைய மாணவன் ராமையா, "என் கை ஒங்களுக்குத்தான் சார்" என்று மூன்று முறை சொன்னான். நான் நோட்டைப் பிரித்ததும் அவன் முகம் வெளிறியது. மில்லுக்காரருக்கும் இதே உறுதியைக் கொடுத்திருக்கிறான் எனத் தீர்மானித்து, "எழுதினால் என்னப்பா?" என்று அதட்டினேன்.

"பேர மட்டும் எழுதாதீங்க சார். சட்டாம்பிள்ளை எழுதிக் குடுத்த பேருக்கெல்லாம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு இந்தக் கைக்குத் தெரியும்!"

கை தூக்கும் நேரம்

எங்கள் கமிட்டிக்குக் கை தூக்கித்தான் தேர்தல். கூட்டம் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. சின்னையா எழுந்து, "வாத்தியார் மொகத்தப் பாத்துக்கிட்டு எவன் எனக்குக் கை தூக்குவான்? அவரு அங்கிட்டுத் திரும்பி நிக்கட்டும்" என்றார். தலைமை வகித்த கர்ணம் உடனே சம்மதித்தார். இருவரும் பேசிவைத்த சதி என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் எத்தனையோ பேரை நான் நிறுத்திய அதே சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் சட்டைகள் சரசரத்தன. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை.

எனக்கு முப்பத்திரண்டு, சின்னையாவுக்கு முப்பத்தொன்று என அறிவித்தார் கர்ணம். பள்ளிக்கூடம் இக்கரையிலேயே நிலைத்தது. கூட்டம் கலைந்தபின் சின்னையா என்னருகே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"நானும் ஒங்களுக்குத்தான் தூக்குனேன் சார். முன் வரிசையில ஒக்காந்திருந்தேனா... நீங்க டக்குனு திரும்பிட்டா என்ன செய்யிறது?"

அந்த முப்பத்திரண்டு கைகளில் மதிப்பால் உயர்ந்தவை எத்தனை, பயத்தால் உயர்ந்தவை எத்தனை என்பதை, விடை எனக்குப் பாதகமாக முடியும் என்ற நியாயமான சந்தேகத்தால், நான் இன்றுவரை எவரிடமும் விசாரிக்கவில்லை.