விசாரணை ஜன்னல்காரர் வரிசையில் நின்ற கதை

“இந்த ஜென்மத்துல நான் ஒருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டதில்ல, இனிமேலும் கேக்க மாட்டேன்” என்று அவர் பிரகடனம் செய்தது, பேருந்து நிலைய விசாரணை அலுவலகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளை முடித்ததற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பேருந்தைத் தவறவிட்டு, மின்விசிறிக்காக உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள். ஆனாலும் பிரகடனம் பிரகடனம்தான்.

சக ஊழியர்கள் அவரை ‘அட்டவணை’ என்று அழைத்தார்கள். நூற்றுப் பதினான்கு வழித்தடங்களும் அவர் நாக்கு நுனியில் இருந்தன. கேட்பவர் கேட்டு முடிக்கும் வரை காத்திருப்பது நேர விரயம் என்பது அவருடைய கொள்கை. “சார், இந்த...” என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், “ஏழாம் நம்பர் பிளாட்பாரம், நாலேகால்” என்று பதில் வந்து விழும். கழிவறை எங்கே என்று கேட்க வந்த பலர் இதனால் வெளியூர் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. நான் அதை முழுவதும் நம்புவதில்லை.

கேட்பது என்பது அவருக்கு வேறு சாதிக்காரர்கள் செய்யும் வேலை மாதிரி. தன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார், மண்டபம் எங்கே என்று கேட்க மனசு வரவில்லை. அன்று முதல் அவருக்காகக் கேட்கும் பொறுப்பு மனைவியிடம் போயிற்று. அந்த அம்மாள் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்தாலும் மூன்று நகல் எடுத்துவிட்டுத்தான் படிப்பார்.

இரண்டு மாதமாக இருமல். அதற்கும் அவரே பதில் சொன்னார்: பஸ் புகை. உடம்பு இளைத்ததற்கும் பதில் இருந்தது: வயசு. டீக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று முப்பது வருடம் பிடித்த சிகரெட்டைப் பற்றி மட்டும் பதில் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை. குரல் கம்மி, ஏழாம் நம்பர் என்று சொன்னது யாருக்கும் கேட்காமல் போன அன்றுதான் மனைவி கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு இவர் தனியாக உள்ளே போனார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் புற்றுநோய். சிறு செல் வகை. வேகமாக வளரக்கூடியது. நல்லவேளையாக இன்னும் நெஞ்சின் ஒரு பக்கத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகவே அடக்கிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டாவது சுற்று மருந்தோடு கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும், தள்ளிப்போகக் கூடாது. தேதியை அந்தப் பிரிவிலிருந்து போனில் சொல்வார்கள். ஏதாவது கேட்கணுமா?

“ஒண்ணுமில்ல” என்றார். வெளியே வந்து மனைவியிடம், வந்திருப்பது சின்ன ரகம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை விட்டார்.

அந்த அம்மாள் சோதனை அறிக்கையை வழக்கம்போல மூன்று நகல் எடுத்துப் படித்தார். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டு, சின்னது என்பது மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்லின் அளவு, நோயின் அளவு அல்ல என்று தெரிந்துகொண்டார். கடையின் ஷட்டரை இழுத்து, உள்ளே பத்து நிமிடம் அழுதார். பிறகு திறந்து, காத்திருந்த மாணவிக்கு எட்டுப் பக்கம் இரு புறமும் நகல் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து மச்சான், அந்த அம்மாளின் தம்பி, களத்தில் இறங்கினார். செல்போன் பழுதுபார்ப்பவர். உலகத்தின் மொத்த அறிவும் தன் கைவழியாகத்தான் போகிறது என்ற தெளிவு அவருக்கு உண்டு. ஒரே நாளில் நாற்பத்தொரு தகவல்களை அனுப்பினார். “மாமா, ஊசியெல்லாம் எதுக்கு? தினம் ஒரு மாத்திரை, அவ்ளோதான். ஒருத்தர் மலையே ஏறிட்டாரு” என்றார். மலை ஏறியவரின் படமும் இருந்தது. ஊசிக்குப் பயந்துகொண்டிருந்த நம் ஆளுக்கு அந்த மலை மிகவும் பிடித்துப்போயிற்று. அக்காள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, சோதனை அறிக்கையின் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் நோயின் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

“நீ அனுப்பினது நுரையீரல்ல வர்ற வேற வகைடா. உன் மாமாவோடது இது. மலை ஏறினவரு மாமா இல்ல.”

நர்ஸும் அதையே சொன்னார். மச்சான் அதன்பிறகு ஆட்டோ ஓட்டுநராகப் பதவியிறக்கம் பெற்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலையை மிகச் சிறப்பாகச் செய்தார்.

முதல் சுற்று மருந்து மூன்று நாள் ஏறியது. வாந்தி வந்தது, போனது. முடி போனது, வரவில்லை. சிகரெட்டை, விட்ட கதையை யாரிடமும் சொல்லாமல் விட்டார். பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து போன் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் இரண்டாவது சுற்று.

போய்க் கேட்கச் சொன்னார் மனைவி. கூப்பிடுவார்கள் என்றார் இவர். தான் போய்க் கேட்பதாகச் சொன்னார் மனைவி. ஆஸ்பத்திரிக்கென்று ஒரு நடைமுறை உண்டு, அதைக் கெடுக்கக் கூடாது என்றார் இவர். அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தினார்.

“ஏங்க, இருபத்தஞ்சு வருஷத்துல என்னைக்காவது ஜன்னலை விட்டு வெளிய வந்து, கேக்காம உக்காந்திருக்கவங்களைத் தேடிப்போய் பதில் சொல்லியிருக்கீங்களா?”

இல்லை. பெஞ்சில் தூங்கியவர்களின் கடைசி பஸ் கண்ணெதிரே கிளம்புவதை எத்தனை முறை பார்த்திருக்கிறார். கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் அவருக்கு முன்னால் பதினோரு பேர். கண்ணாடிக்கு வெளியே நிற்பது அவருக்கு இதுவே முதல் அனுபவம். பேசும் ஓட்டை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, குனிந்தால் முதுகு எப்படி வலிக்கிறது என்பதெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள். அவர் முறை வந்தது. “மேடம், இந்த...” என்றார்.

“பார்மசி, தரைத்தளம், வலது பக்கம்” என்றார் உள்ளே இருந்த அம்மாள், நிமிராமல்.

ஒரு கணம் தொழில் ரீதியான மரியாதையில் அவர் உறைந்துபோனார். பின்னால் நின்றவர், “பேசுங்க சார், நாங்களும் நிக்கறோம்ல” என்றார். அப்போதும் நம் ஆள் பிரகடனத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கேள்விக்குறி ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, “எனக்குக் கதிர்வீச்சு தேதி வந்திருக்கணும். வரல” என்று தகவல் தெரிவித்தார்.

ஜன்னல் அம்மாள் கணினியைத் தட்டினார். முதல் முறையாக நிமிர்ந்தார்.

“நாலு தடவை கூப்பிட்டிருக்காங்களே சார். ஒவ்வொரு தடவையும் யாரோ ‘ஏழாம் நம்பர், நாலேகால்’னு சொல்லிட்டு வெச்சிடறாங்களாம்.”

படிவத்தில் தொடர்பு எண் என்று இருந்த இடத்தில், இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகவே பேருந்து நிலைய விசாரணை எண்ணை எழுதியிருந்தது. அங்கே இப்போது இருப்பவர் இவரே நேரில் பயிற்சி கொடுத்துத் தேற்றிய ஊழியர். பயிற்சி சோடை போகவில்லை.

எண் மாற்றப்பட்டது. மறுநாள் காலை, கதிர் படவேண்டிய இடத்தை அளந்து குறிக்கும் ஸ்கேன். இருபத்திரண்டாம் நாள் மருந்தும் கதிர்வீச்சும் ஒரே நாளில் தொடங்கின. ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. எந்தப் பேருந்தும் அந்த நிலையத்திலிருந்து இவ்வளவு சரியாகக் கிளம்பியதாகப் பதிவு இல்லை.

முப்பது நாள், தினமும் சிறிது நேரம், கதிர்வீச்சு மேஜையில் அசையாமல் படுத்தார். தொண்டை புண்ணாகி, கஞ்சித் தண்ணீரே ஆணி மாதிரி இறங்கியது. ஒரு முறை காய்ச்சல் வந்தபோது, காத்திருக்காமல் வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததை மனைவி நகலில் எழுதி வைத்திருந்ததால் ஒரு மணி நேரத்தில் வார்டில் இருந்தார். மருந்து மொத்தம் நான்கு சுற்று, நான்கும் முடிந்தன.

அதற்கடுத்த ஸ்கேன் நாளில் இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் மாட்டினார். பழையதில் எலுமிச்சை அளவு வெள்ளை. புதியதில் அந்த இடத்தில் மெல்லிய தழும்பு மட்டும். இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரிகிற நோய் இல்லை என்றார். மனைவி கைப்பையைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த மச்சான் “அக்கா!” என்று கத்திவிட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

டாக்டரம்மா கோப்பை மூடப் போனார். இவர் எழுந்திருக்கவில்லை.

“டாக்டர்” என்றார், பாதி திரும்பி வந்திருந்த குரலில். “இது திரும்ப வருமா?”

டாக்டரம்மா கோப்பை மறுபடி திறந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். வரக்கூடும், முதல் இரண்டு வருடம் கவனம், இந்த வகை மூளைக்குப் பரவக்கூடியது என்பதால் அங்கே முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுப்பது ஒரு வழி, அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி, இரண்டிலும் நல்லதும் உண்டு, கஷ்டமும் உண்டு. நீண்ட பதில். அவர் இடையில் ஒரு வார்த்தை பேசாமல் முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அடுத்ததைக் கேட்டார்.