பரங்கிப் பூவுக்குத் துணி கட்டிய கதை

இன்று காலை மொட்டை மாடியில் நான் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பக்கத்து ஃபிளாட்காரர் பார்த்துவிட்டார். தொட்டியில் படர்ந்த பரங்கிக் கொடியிலிருந்து ஆண் பூ ஒன்றைப் பறித்து, அதன் மஞ்சள் தூளைப் பிஞ்சு வைத்த பெண் பூவுக்குள் தடவிக்கொண்டிருந்தேன். “என்ன சார், பூவுக்குப் பவுடர் போடறீங்களா?” என்றார். அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தேன். இந்த வயதில் பரங்கிக்குக் கல்யாணம் செய்துவைக்கும் சாஸ்திரிகள் ஆகிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் போனபின் விரலை முகர்ந்தேன். அதே பச்சை வாசனை. கன்னியம்மா வீட்டுக் கூரை ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு முதல் உத்தியோகம் கோவளத்துப் பள்ளிக்கூடத்தில். திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு கூஜாவும், நிறைய ஆசாரமுமாகப் போய் இறங்கினேன். குடியிருந்தது கன்னியம்மா வீட்டுப் பக்கத்து அறை. அந்த அம்மாள் கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராகப் போய் விற்று வருபவள். அவள் குரலுக்குக் கடலே கொஞ்சம் அடங்கித்தான் போகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் தபால்காரர் ஆரோக்கியம். ஜீப்பில் வந்த சர்க்கார் அதிகாரி ஒருவர் அவருக்குத் தேனீ வளர்க்க இலவசமாக ஒரு தேன்பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எறும்பு ஏறாதபடி அதன் நான்கு கால்களும் தண்ணீர் டப்பாக்களில் நிற்கும். பிள்ளையில்லாத மனுஷன். சாயங்காலம் தபால் பையை மாட்டிவிட்டு நேரே பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

தேன் எப்படி உண்டாகிறது என்று அவர் சொல்லித்தான் கேட்டேன். தேனீ பூவில் குடித்ததை வயிற்றில் சுமந்துவந்து, கூட்டில் இருக்கும் ஈயின் வாயில் கொடுக்குமாம். அது இன்னொன்றின் வாயில். பிறகு அறையில் ஊற்றி, எல்லாமாக இறக்கையால் விசிறி, நீர் வற்றியதும் மெழுகால் மூடி போட்டுவிடுமாம். “எச்சிலாய்யா?” என்றேன். “உங்க ஊரு சாமிக்கு அத்தத்தான் வாத்தியாரே தலையோட ஊத்துறீங்க” என்று சிரித்தார். கோயிலில் தேனாபிஷேகத்தைக் கண்ணாரப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவாரம் ரோஷமாக இருந்தேன். அப்புறம் அவர் நீட்டிய கரண்டியை நக்கியும் விட்டேன்.

அந்த வருஷம் கன்னியம்மா மகளுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புதுப்பட்டினம். நிச்சயத்தன்று சம்பந்தியம்மாள் ஏதோ இடக்காகப் பேச, கன்னியம்மா விட்டாள் ஒரு சவால்: “எங்க வூட்டுக் கூரைல காய்க்கிற பரங்கிலதான் கண்ணாலத்துக்கே சாம்பாரு. கடைக்காய் ஒண்ணு உள்ள நொழைஞ்சா என் பேர மாத்திக்கறேன்!”

வாயைக் கொடுத்தாயிற்று. கார்த்திகையில் அடித்த மழையில் முதல் பிஞ்சுகள் எல்லாம் வெம்பி விழுந்துவிட்டன. மழை விட்ட காலையில் கன்னியம்மா கூரையைப் பார்க்கிறாள், ஒவ்வொரு பூவிலும் ஆரோக்கியத்தின் ஈ தலைகீழாக மொய்க்கிறது. வந்ததே கோபம்!

“இன்னா வாத்தியாரே, இது நாயமா? என் பூவுல கீற சாரமெல்லாம் அவன் பொட்டிக்குப் போவுது. சாரம் பூட்டா பிஞ்சு எங்க நிக்கும்?”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆரோக்கியமும் தலையைக் குனிந்துகொண்டார். “எடுத்துகினுதான்க்கா வருது. பொய் சொல்ல மாட்டேன்.”

“கண்ணாலத்துக்குக் காய் இல்லன்னு வெய்யி, பொட்டிய கடல்ல கடாசிடுவேன்!”

அன்று சாயங்காலமே பழைய வேட்டி கிழிபட்டது. மறுநாள் விரியவேண்டிய மொட்டுக்கெல்லாம் துணி கட்டினாள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். தெருவிலிருந்து பார்த்தால் ஊரிலுள்ள தலைவலிக்காரர்கள் எல்லாம் கூரையில் ஏறி உட்கார்ந்ததுபோல இருக்கும். அப்படியும் பிஞ்சு உதிர்ந்தது. அவள் இன்னும் இறுக்கிக் கட்டினாள். ஆரோக்கியம் பெட்டியருகே உட்காருவதையே விட்டுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆள் வந்தான். வீட்டின் பின்பக்கம் தாழம்புதர், பாம்பு பயத்தில் யாரும் அங்கே ஏணி வைப்பதில்லை. அவன் முன்பக்கமாக ஏறிக் கூரை உச்சியைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கத்தினான்: “யம்மோவ்! இந்தாண்ட ஒரு குடும்பமே குந்தினு கீது!”

பரங்கிக்காய்கள். குடம் குடமாக. அவற்றின் பாரத்தில் கூரையே ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கன்னியம்மா ஏறிப் பார்த்தாள். கைக்கு எட்டாமல் துணி கட்டாமல் விட்ட பக்கம் முழுக்கக் காய், கட்டிய பக்கம் முழுக்க வெறும் இலை. இந்தப் பக்கத்துத் துணிகளையும் அந்தப் பக்கத்துக் காய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உச்சியிலிருந்தே குரல் வந்தது.

“டேய் ஆரோக்கியம்! உன் பூச்சிங்க சும்மா எடுத்துகினு போவலடா. இன்னாத்தையோ குடுத்துட்டுப் போயிருக்குதுங்க!”

இறங்கும்போதே துணிகளைப் பிய்த்தெறிந்துகொண்டு வந்தாள்.

ஆரோக்கியம் அன்று அழுதார். அழுகையோடு சிரித்தார். கல்யாணத்தில் முதல் தாம்பூலம் சம்பந்திக்கு இல்லை, தேன்பெட்டிக்கு. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கை அதன் தலையில் வைத்தாள் கன்னியம்மா. “ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவன் வூட்டுப் பொட்டிய அம்மன் ஆக்கிட்டியேக்கா” என்று அவர் முனகினார். சாம்பார் அமிர்தம். சம்பந்தியம்மாள் மூன்று தரம் கேட்டு ஊற்றிக்கொண்டதை நானே பார்த்தேன்.

அந்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டலின் கார்கள் நிற்கின்றன. தாழம்புதர் இல்லை, ஓலைக்கூரை இல்லை. என் மாடியைச் சுற்றிச் சாயங்காலமானால் கொசுமருந்துப் புகை. காலையில் பூ விரிந்ததும் வெயில் ஏறும்வரை நாற்காலி போட்டு ஓர் ஈயாவது வருமா என்று காத்திருக்கிறேன், பிறகுதான் பவுடர் போடுகிறேன்.

ஒரு பூவுக்கும் துணி கட்டவில்லை, கன்னியம்மா. எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. திருட வரத்தான் யாரையும் காணோம்.