ரப்பர் மீனின் வயிற்றுக் கீறல்

நீங்கள் யாரையாவது ராசியில்லாதவர் என்று சொல்லியிருக்கிறீர்களா? வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதும் மனதுக்குள் முகம் சுளித்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒட்டு அக்காவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டப்பெயரின் காரணம் எளிது. ரப்பர் பட்டறை ஒன்றில் கிழிந்ததை ஒட்டுவது அவள் வேலை. காற்றுப் படகு, மழைக்கோட்டு, வெந்நீர்ப் பை என்று எது வந்தாலும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பாள். உப்புத்தாளால் தேய்ப்பாள், பசை தடவி ஊதுவாள், கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பாள். அவள் ஒட்டியது பிரிந்துவந்ததாகப் பட்டறையில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரி. தூண்டில் சங்கத்துப் படகு ஒன்றில் இரண்டு பேர் போகலாம். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். எத்தனை பெரிய வண்டியையும் சந்துக்குள் திருப்பிவிடுவான், ஆனால் தண்ணீரைக் கண்டால் நடுக்கம். கரையில் நாற்காலி போட்டுத் தூங்குவான். அவள் சங்கத்திலிருக்கும் சலூன்காரர் ஒருவரோடு படகில் போவாள்.

அந்த ஏரியில் இருப்பது பாஸ் மீன். அதற்கு வாய் பெரிது, சின்ன மீன்களை அப்படியே விழுங்கும். அதனால் சங்கத்தார் புழு கோப்பதில்லை. மெத்தென்ற ரப்பர் மீன் ஒன்றைத் தூண்டில் முள்ளில் மாட்டி எறிந்து, ரீலை மெதுவாகச் சுற்றுவார்கள். தண்ணீருக்குள் ரப்பர் வால் ஆடும், உயிருள்ள இரை என்று நம்பி பாஸ் பாயும்.

கொஞ்ச நாளாக மீன் பாய்ந்தது, கடித்தது, ஆனால் மாட்டவில்லை. தூண்டில் கோல் வளையும், மறுகணம் தூண்டில் நரம்பு தொய்ந்துவிடும். முதலில் ஒட்டு அக்காவுக்கு இப்படி நடந்தது. அப்புறம் சலூன்காரருக்கு. அப்புறம் சங்கத்தில் பாதிப் பேருக்கு.

கடித்த மீன் மாட்டவில்லை என்றால் முள்ளைப் பார்க்க வேண்டும். சங்கத்தார் அவளைப் பார்த்தார்கள்.

"அந்தம்மா படகுல ஏறினதுல இருந்துதானே இப்படி?" என்று தொடங்கி வைத்தவர் செயலாளர். மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையில் காய்ச்சல்காரனுக்கு ராசி பார்த்து மாத்திரை கொடுக்கிறவர் அல்ல, ஆனால் ஏரிக்கு வரும்போது மூளையைக் கடையிலேயே பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஓர் ஆண் மீனைத் தவறவிட்டால் அது கெட்டிக்கார மீன். ஒரு பெண் தவறவிட்டால் அவள் கை விளங்காத கை. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுத் தருவதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம். அவளைப் படகில் ஏற்றலாமா கூடாதா என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதென்று சொல்லிவிட்டார்கள்.

"விட்டுத் தள்ளு," என்றான் கணவன். "கரையில என் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டா ஆச்சு."

"உங்க குறட்டைக்கு மீனே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடும்," என்றாள் அவள். சிரிக்கவில்லை. வாரம் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறவளுக்கு, தண்ணீர் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தக் காலைப்பொழுதுதான் சொந்தம். அது கையைவிட்டுப் போவதாக இருந்தது.

பட்டறைக்கு வந்த சாமானை என்ன செய்வாளோ, அதையே தூண்டிலுக்கும் செய்தாள். கணவனைக் கூப்பிட்டு வைத்துச் சோதித்தாள்.

"கையை மீன் வாய் மாதிரி வச்சுக்கிட்டு இந்த ரப்பரை இறுக்கிப் பிடிங்க."

"நான் என்ன மீனா?"

"தூங்கறப்ப வாயைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு. பிடிங்க."

அவன் பிடித்தான். அவள் நரம்பை இழுத்தாள். ரப்பர் மீன் அவன் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முள் எங்கும் படவில்லை, உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

பொட்டலத்தில் இருந்த, இன்னும் அவள் கைபடாத புது ரப்பர் மீன் ஒன்றை எடுத்து அதே முள்ளில் கோத்தாள். மறுபடி இழுத்தாள்.

"ஐயோ!"

இந்த முறை ரப்பர் நசுங்கி மடிந்து கீழே இறங்க, முள்ளின் முனை அதன் முதுகைப் பிளந்துகொண்டு எழுந்து அவன் உள்ளங்கையைக் குத்தியிருந்தது. துளி ரத்தம் எட்டிப்பார்த்தது.

"கொன்னுட்டியேடி!"

அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. ரப்பர் மீனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நீளமாக ஒரு கீறல். எல்லா ரப்பர் மீனுக்கும் அது உண்டு. மீன் கவ்வும்போது ரப்பர் விலகி முள்ளுக்கு வழிவிட வேண்டும் என்றே செய்தவர்கள் அதை வைத்திருந்தார்கள். அவள் அதைக் கிழிசல் என்று நினைத்துவிட்டாள். கிழிசலைக் கண்டு சும்மா இருக்கிற கை அல்லவே அது. முள்ளைக் கோத்ததும் பசை போட்டு வயிற்றை மூடிவிடுவது அவள் வழக்கம். போதாததற்குச் சங்கத்தில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருடைய ரப்பர் மீன்களையும் வாங்கி வாங்கி ஒட்டிக் கொடுத்திருந்தாள். முள்ளைச் சுற்றி அசையாத ரப்பர்ச் சுவர். எந்த மீன்தான் மாட்டும்?

கண்டதை அவள் கணவனிடம் சொன்னாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றான் கணவன். "இனிமே ஒட்டாம இரு. மீன் தானா மாட்டும்."

"நான் படகை விட்டு இறங்கின பிறகு மாட்டுச்சுன்னா? சனியன் ஒழிஞ்சுதுன்னு கொண்டாடுவாங்க."

"சொன்னா மட்டும்? 'உன் கைதான் காரணம்னு நாங்கதான் சொன்னோமே'ன்னு அதுக்கும் கொண்டாடுவாங்க."

இரண்டுமே சரி. அவள் சொல்வதென்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை, படகுக் கொட்டகையில் கூட்டம். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கணவன் எதிர்பார்த்தபடியே செயலாளர் துள்ளி எழுந்தார்.

"அப்போ உங்க கைதானே காரணம்?"

"என் கைதாங்க. ஆனா ராசி இல்ல, பசை. ராசின்னா என்னை வெளிய தள்ளணும். பசைன்னா ஒரு பிளேடு போதும்."

முதலில் சிரித்தவர் சலூன்காரர். "பிளேடா? அது நம்ம டிபார்ட்மென்ட்," என்று தன் ரப்பர் மீனின் வயிற்றைக் கீறி, அடியில் தேங்கியிருந்த பசையை வழித்தெடுத்தார். கையில் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்ஸ்ஸ்" என்று விரலைச் சப்பினார். "அக்கா நாளைக்கும் என் படகுலதான். சந்தேகம் இருக்கறவங்க வந்து கையை நீட்டுங்க, குத்திக் காட்டறேன்."

யாரும் நீட்டவில்லை. கைதூக்குவது ஞாயிறு மாலைக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் காலையில் முதல் கடி அவளுக்குத்தான். டொக்கென்று தட்டியது. கோலைப் பளிச்சென்று சுண்டினாள். மீன் போயிற்று. பக்கத்துப் படகிலிருந்து செயலாளர் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினார்.

"தட்டினதும் சுண்டுறீங்களேக்கா," என்றார் சலூன்காரர். "அது வாலைத்தான் தொடுது. நீங்க பாட்டுக்கு ரீலைச் சுத்திக்கிட்டே இருங்க. பாரம் ஏறட்டும். ஏறினதும் கோலைப் பக்கவாட்டுல சாய்ச்சு நிதானமா இழுங்க."

மீன் மாட்டாத காலத்தில் அவசரமும் பழகிப்போயிருந்தது. அடுத்த தட்டலில் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். இன்னொரு தட்டல். சுற்றினாள். நரம்பு கனத்தது. கோலைச் சாய்த்தாள். ஏரியே அந்தப் பக்கம் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து தலையை உதறியது. முள் விடவில்லை.

கரையில் கணவன் விழித்தெழுந்து, நாற்காலி கவிழ, கத்தினான். அதே நேரத்தில் செயலாளரின் மீன் ஒன்று நழுவியது. "எல்லாம் காத்தாலதான்," என்றார் அவர்.

மாலையில் அவளை விலக்கச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. செயலாளருடையதும் இன்னும் சிலருடையதும். போதவில்லை. அவள் இடம் அவளுக்கே. ஆனால் உயர்ந்த அந்தக் கைகளைப் பாருங்கள்: கீறலைக் கண்டவை, பசையைத் தொட்டவை, அன்று அவளுக்கு மாட்டிய மீனை அள்ளப் பக்கத்துப் படகிலிருந்து வலை நீட்டியவையும் அவற்றில் உண்டு. காரணம் கண்ணெதிரே கிடந்தும் ஒரு மனுஷியை வெளியேற்றுவதே அவற்றுக்குச் சுலபமாக இருந்தது.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலோ வீட்டிலோ இப்படி ஒதுக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும். நாளைக் காலை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எங்கே தவறுகிறது என்று இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். அவரை வெளியேற்றக் கைதூக்கச் சொன்னால், கையைக் கீழே வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள்.