வரேன் என்ற குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ போடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் குரலை என் கணவரும் கேட்டார், அதுவும் பக்கத்தில் நின்று நான் கூப்பிட்டாலும் காதில் விழாத மனிதர்.

அடையாறில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். ஒரு கோடை விடுமுறைக்கு எங்கள் சர்ச் மூலமாக உகாண்டாவில் ஒரு கிறிஸ்தவ அனாதை இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனேன். அங்கே பேஷன்ஸ் என்று ஏழு வயதுப் பெண், வந்த அன்றே என்னோடு ஒட்டிக்கொண்டாள், அவள் படிப்புச் செலவை இன்றுவரை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். முதல் நாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் அவளிடம் "வரேன்டா" என்று சொல்லிக் கிளம்பினேன். அர்த்தம் கேட்டாள், "ஐ ஆம் கமிங்" என்று அப்படியே சொல்லித் தொலைத்தேன். பாவம், நான் வருவேன் என்று குழந்தை சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினேன். எங்கள் ஊரில் போறேன் என்று சொல்ல மாட்டோம், வரேன் என்போம், வீட்டில் இருப்பவர்கள் "போய்ட்டு வா" என்பார்கள், அப்படிச் சொல்லி அனுப்பினால் போனவர் கட்டாயம் திரும்பி வருவார். அந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது, நம்புங்கள். அதன் பிறகு பாத்ரூம் போனாலும் அவளுக்கு "வரேன்க்கா"தான்.

நான் ஊர் திரும்பி சில மாதங்கள் இருக்கும், நல்ல மழை, பள்ளிக்கு லீவு. மதியம் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃபிளாட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன், வாசல் பக்கம் "வரேன்க்கா" என்று கேட்டது. எதிர் வீட்டில் வேலை செய்யும் செல்வி கிளம்பும்போது இப்படித்தான் ஒரு குரல் கொடுப்பாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் "போய்ட்டு வாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் செல்வியே போன் செய்தாள், கரண்டியும் கையுமாக ஸ்பீக்கரில் போட்டேன். "எதிர் வூட்டம்மா போனை எடுக்கல, நான் இன்னிக்கு வரலன்னு சொல்லிடுக்கா. வேளச்சேரில முட்டி வரைக்கும் தண்ணி நின்னுகினு கீது."

"அப்ப வாசல்ல யாரு?" என்றார் ஹாலில் இருந்த கணவர். "எனக்கும் கேட்டுச்சே."

சாயங்காலம் இல்லத்தின் சிஸ்டர் பேசினார். பேஷன்ஸை மலேரியா என்று இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், அது முற்றி காலையிலிருந்து நினைவில்லாமல் கிடக்கிறாளாம். வரேன் என்றால் நம் ஊரில் வருவதும் அதுதான், விடைபெறுவதும் அதுதான். குழந்தை எதைச் சொல்லிவிட்டுப் போனாள்? நானே அனுப்பிவைத்துவிட்டேனோ என்று அழுதேன், ஜெபம் பண்ணினேன், மறுபடி அழுதேன். கணவர் கேலி செய்யவில்லை, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு மூன்று நாளில் கண் திறந்துவிட்டாள். வீடியோ காலில் பார்த்தால் முகமெல்லாம் கண்ணாக இருந்தது, சிரித்தாள். "போய்ட்டு வான்னு சொன்னீங்களேக்கா, அதான் வந்துட்டேன்" என்று அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு கேட்டாள். "ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளும் என்கூட வந்து வரேன்னு சொன்னா. அவளுக்கு மட்டும் ஏன் பதில் சொல்லலை?"

அவள் பின்னால் நின்ற சிஸ்டர் என்னைப் பார்த்து, எதுவும் கேட்காதீர்கள் என்று மெல்லத் தலையசைத்தார்.

போனை வைத்ததும் கணவர் டிவியை அணைத்தார். "அன்னிக்கு ரெண்டு தடவ கேட்டுதுடி. எதிரொலின்னு நினைச்சு விட்டுட்டேன்."

அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இப்போதெல்லாம் மாடிப்படியில் யார் யாரிடம் வரேன் என்று சொன்னாலும் நான் சமையலறையிலிருந்து "போய்ட்டு வாம்மா" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். இரண்டு தடவை.